தோட்டத்துக்குப் போன கல்லூரி

பேராக் மாநிலத்துச் சமூகக் கல்லூரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கிரிக், செண்டரோ, சுங்கை சிப்புட், பாகான் செராய், பாசிர் சாலாக், தெலுக் இந்தான், கோப்பெங். பழைய பேருந்து நிலையத்தில் மாட்டியிருந்த தடப்பலகையைப் படிப்பது போலிருக்கும். ஆற்றங்கரை ஊர்கள், காட்டோரத்து ஊர்கள், ஒரு காலத்தில் ரப்பரையும் ஈயத்தையும் விற்று வாழ்ந்த ஊர்கள். இவற்றில் புந்தோங்கின் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. புந்தோங் ஈப்போ நகரத்தின் ஒரு பகுதி. சமூகக் கல்லூரிகளோ பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுப்பப்பட்டவை.

அப்படி வெளியே இருந்த தமிழர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டால் கிடைக்கும் விடைகளில் ஒன்று, புந்தோங்.

2000ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி மலேசிய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் ஒரு சமூகக் கல்லூரி என்பது அதன் சாரம். அப்போது பிரதமர் மகாதீர். கல்வியமைச்சர் மூசா முகமட். மறு ஆண்டே முதல் கல்லூரிகள் திறந்தன. தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கின் தடயம் சில பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செண்டரோ என்பது அன்றைக்கு ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் பெயர். 2004 தேர்தலுக்கு முந்தைய எல்லைச் சீரமைப்பில் அது மறைந்து பாடாங் ரெங்காஸ் என்ற பெயர் வந்தது. தொகுதி போய்விட்டது, கல்லூரி மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. இன்று நாடு முழுவதும் நூறுக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் கல்வியமைச்சின் கீழ் இருந்தவை, 2004இல் உயர்கல்வி அமைச்சு தனியாகப் பிறந்தபோது அதன் கைக்கு மாறின.

யாருக்காக இந்தக் கல்லூரிகள்? பள்ளி இறுதியில் எஸ்.பி.எம். தேர்வு எழுதியும் ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போகும் அளவுக்குப் புள்ளிகள் எடுக்காதவர்களுக்கு. தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லாதவர்களுக்கு. கையால் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு, கற்றதற்கு ஒரு தாளும் வாங்கிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு. இந்தக் கடைசிக் காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை வேலை எங்கள் மக்களுக்குப் புதிதல்ல, தாள்தான் புதிது.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால் லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் இடையே எங்கோ ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், அவர் முன்னால் பல வகுப்புப் பிள்ளைகள். சில இடங்களில் கிராணியே ஆசிரியர்; வேறு சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி. விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. அம்மாவும் அப்பாவும் வாளியும் உளியுமாக நிரைக்குப் போனதும், கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்கும் மூத்தது பள்ளிக்கூடத்துக்கும் போகும். இரண்டும் கூப்பிடு தூரந்தான்.

அந்தப் பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும் என்பதுதான் சிக்கல். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். டவுனில் முதலில் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு; பிறகு முதலாம் படிவம்; மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. அதில் தவறினால் படிப்பு முடிந்தது. 1978இல் அது எஸ்.ஆர்.பி. ஆயிற்று, 1993இல் பி.எம்.ஆர்., 2014இல் பி.டி.3, 2022இல் அதுவும் எடுக்கப்பட்டது. (பெயர்ச்சுருக்கங்களில் மலேசியக் கல்வித் துறைக்கு இருக்கும் மோகம் தனிக் கட்டுரைக்கு உரியது.) எல்.சி.இ., எஸ்.ஆர்.பி. காலத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பதினைந்து வயதில் கதவு சாத்தப்பட்டது. பையன் மறுவாரமே பெரட்டில் நிற்பான். பெண் சமையலறையில் நிற்பாள், அல்லது அவளும் பெரட்டில்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றில் 134 பேராக்கில். எண்ணிக்கை குறைந்ததை இழப்பு என்று மட்டும் எழுதிவிட முடியாது. மூடப்பட்டவற்றில் பல, ஓராசிரியர் கொட்டகைகள். எஞ்சியவற்றில் மாடிக் கட்டடமும் கணினி அறையும் உண்டு. சில தோட்டப் பள்ளிகள், தோட்டமே இல்லாமல் போன பின்னர், உரிமத்தையும் பெயரையும் தூக்கிக்கொண்டு நகரத்துக் குடியிருப்புகளின் ஓரத்தில் வந்து அமர்ந்தன. பள்ளி வாசலில் தோட்டத்தின் பெயர். சுற்றிலும் தாமான் வீடுகள். உள்ளே படிக்கும் பிள்ளைகளில் பால்மரம் வெட்டுவதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

தோட்டம் ஒரே நாளில் காலியாகவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஒரு கூட்டம் வெளியேறியது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கலாம் என்றார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அப்புறம் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள்; செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. கடைசியில் நிலத்தின் விலையே ரப்பரின் விலையையும் செம்பனையின் விலையையும் முந்தியது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோது, அதன் இருமருங்கிலும் தோட்டங்கள் தாமான்களாக மாறுவதைக் காரில் போகிறவர்களே பார்க்க முடிந்தது.

கணக்கெடுப்புகளில் இது சுருக்கமாகத் தெரியும். 1970இல் மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் நகரவாசி. 2000இல் ஐவரில் நால்வர்.

அந்த 2000ஆம் ஆண்டில்தான் அமைச்சரவை, கிராமப்புறத்து இளைஞர்களுக்காகத் தொகுதிக்கு ஒரு கல்லூரி என்று முடிவெடுத்தது. திட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கிரிக்கிலும் பாசிர் சாலாக்கிலும் கம்போங்களில் வாழ்ந்த மலாய்க் குடும்பங்களுக்கும், மலைச்சரிவுகளில் வாழ்ந்த பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளுக்கும் அந்தக் கல்லூரிகள் சரியான இடத்தில்தான் எழுந்தன. தமிழனுக்குத்தான் காலம் ஒத்துவரவில்லை. அவன் தோட்டத்தில் இருந்தவரை கல்லூரி தோட்டத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல்லூரி அந்தப் பக்கம் போனபோது அவன் மூட்டை கட்டிக்கொண்டு புந்தோங்கின் சுங்கை பாரிச் சாலைக்கு வந்துவிட்டிருந்தான்.

புந்தோங்கின் மேற்கே கிளேடாங் மலை. கிழக்கே சுங்கை பாரி ஓடிப்போய்க் கிந்தா ஆற்றில் சேர்கிறது. பாரிக்கு அப்பால் ஈப்போவின் பழைய நகரம், ரயில் நிலையம். ஈயம் கொழித்த நாளிலேயே ரயில்வேயிலும் நகராட்சியிலும் வேலை பார்த்தவர்கள் இந்தப் பக்கம் குடியேறியிருந்தார்கள். தோட்டத்தை விட்டவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். இன்று புந்தோங் சட்டமன்றத் தொகுதி, நாட்டிலேயே இந்திய வாக்காளர் விகிதம் மிக அதிகமாக உள்ள தொகுதியாகச் சொல்லப்படுகிறது. தைப்பூசத்தன்று இங்குள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடிகள் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விகிதத்தை எண்ணில் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கல்லூரி இல்லாத காலத்தில் தொழிற்கல்வி இல்லாமல் இருந்ததா? இருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை.

கச்சாங் பூத்தே என்ற கடலைத் தின்பண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் புந்தோங்கில் ஒரு தெருவையே கடலைத் தெருவாக்கின. வெளியூர்க்காரர்கள் அதைக் கம்போங் கச்சாங் பூத்தே என்கிறார்கள். கொண்டைக்கடலை எவ்வளவு நேரம் ஊற வேண்டும், முறுக்கு மாவில் எண்ணெய் எவ்வளவு, மழைநாளில் ஓமப்பொடி நமத்துப் போகாமலிருக்க அடுப்பை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. மாமியார் மருமகளுக்குச் சொல்லவும் இல்லை, செய்துகாட்டினார், அவ்வளவுதான். ஆண்கள் தட்டைத் தலையில் சுமந்தும் பிறகு சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வைத்தும், ஈப்போவின் சினிமாக் கொட்டகை வாசல்களில் பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அளந்து விற்றார்கள். படித்துத் தேறியதற்கு அடையாளம், மறுநாளும் அதே ஆள் வந்து வாங்குவது.

மோட்டார் பட்டறையும் அப்படித்தான். எஸ்.ஆர்.பி.யில் தவறிய பையனை அம்மா தன் தம்பியின் பட்டறையில் கொண்டுபோய் விடுவார். முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடும் மாமன் கையால் குட்டும்தான். "பதிமூணு ஸ்பானாவ எடுடா" என்றால் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கி, ஓராண்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். மூன்றாண்டில் எஞ்சினைப் பிரித்து மாட்டுவான். வயரிங் வேலைக்காரரிடம் ஏணி பிடித்தவன் வயரிங் கற்றான். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தையல் வேலை எடுத்த அக்காக்களிடம் பட்டன் கட்டப் போன பெண்கள் தையல்காரிகளானார்கள். கட்டணம் இல்லை, மனுப்பாரம் இல்லை, பயிற்றுமொழி தமிழ். சொல்லிக்கொடுப்பவருக்குப் பொறுமை இல்லாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, உறவில் பட்டறைக்காரர் இல்லாத பையனுக்கு இந்தக் கல்லூரியில் இடமே இல்லை. இந்தப் பழைய முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பெண்களுக்குத் தையலும் சமையலும் தவிர வேறு பாடப்பிரிவு கிடையாது என்பதையும்.

ஈயமும் புந்தோங்கைக் கைவிட்டது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தபோது விலை சரிந்தது, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. சுரங்கத்தை நம்பியிருந்த பட்டறைகளும் லோரிகளும் சாப்பாட்டுக் கடைகளும் சேர்ந்து சுருங்கின. ஈப்போ 1988இல் மாநகராகிய அதே ஆண்டுகளில் அதன் இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். போன இடத்துத் தொழிற்சாலையில் முதலில் கேட்டது, "சர்டிபிகேட் இருக்கா?"

அந்தக் கேள்வி பிறகு ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 2001இல் எரிசக்தி ஆணையம் அமைந்தது. வீட்டு மின்கம்பிகளில் கை வைக்க வேண்டுமானால் அதன் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும். குளிரூட்டியில் வாயு நிரப்புகிறவருக்குச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள், உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்றன. நாற்பது ஆண்டுகளாக முறுக்குப் பிழிந்த கைக்கும் ஒரு சான்றிதழ் வேண்டியதாயிற்று. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. மின்சாரத்தில் அடிபட்டவனும் கெட்ட எண்ணெயில் வயிறு கெட்டவனும் எங்கள் ஆட்களே. ஆனால் பார்த்துக் கற்ற ஒரு தலைமுறைக்கு, தனக்குத் தெரிந்தது தெரியும் என்பதை முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது.

சமூகக் கல்லூரி இந்த இடைவெளியில்தான் பொருந்துகிறது. அங்கே கொடுக்கப்படும் சான்றிதழ் நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாம் நிலை. படிப்புக் காலம் பெரும்பாலும் நான்கு பருவம், ஈராண்டு. கடைசிப் பருவத்தில் தொழிற்கூடத்திலோ ஓட்டலிலோ நிறுவனத்திலோ வேலைப் பயிற்சி. மின் தொழில்நுட்பம், குளிரூட்டிப் பராமரிப்பு, இலகு வாகனப் பழுது, கணினி வலையமைப்பு, சமையல், பேஸ்ட்ரி, ஆடை வடிவமைப்பு, ஓட்டல் நிர்வாகம், அழகுக்கலை என்று கல்லூரிக்குக் கல்லூரி துறை மாறும். சேர எஸ்.பி.எம். வேண்டும், அதில் அடிப்படைத் தேர்ச்சி போதும், கிரெடிட்டுகளின் குவியல் வேண்டாம். கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இவை போக, வார இறுதியில் ஒரு நாள், இரண்டு நாள் குறுகியகாலப் பயிற்சிகள் உண்டு. கேக் செய்வது, துணி தைப்பது, மோட்டார் சைக்கிளைப் பராமரிப்பது. இவற்றுக்கு வயது வரம்போ பள்ளிச் சான்றிதழோ பெரிதாகப் பார்ப்பதில்லை; வீட்டுப் பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் வருகிறார்கள்.

பட்டறையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். அன்று எஞ்சினைக் கற்க ஓர் எஞ்சின் பழுதாகி வர வேண்டும். இன்று கற்பதற்கென்றே எஞ்சின்கள் மேடைமேல் நிற்கின்றன. அன்று தவறு செய்தால் வாடிக்கையாளரின் வண்டி கெடும், தலையில் குட்டு விழும்; இன்று தவறு செய்து மறுபடி மாட்டலாம். அன்று காதால் கற்றதை இன்று மலாய்மொழியில் எழுதித் தேர்வு கொடுக்க வேண்டும். பட்டறையில் சிறந்த கைகாரனாக இருக்கக்கூடிய பையன் எழுத்துத் தேர்வில் தடுமாறுவதும் உண்டு. எழுத்தில் கெட்டிக்காரன் ஸ்பானாவைத் தலைகீழாகப் பிடிப்பதும் உண்டு. மாமன் பட்டறையில் தேர்ச்சி பெற்றவன் அங்கேயே வேலை பார்த்தான். கல்லூரியில் தேர்ச்சி பெற்றவன் நாடு முழுக்க வேலை தேடலாம், ஆனால் யாரும் அவனுக்காக இடம் வைத்திருக்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700. சான்றிதழ் வைத்திருப்பவர் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரம் போகிறார் என்பதுதான் பெற்றோர் கேட்கும் முதல் கணக்கு, கேட்க வேண்டிய கணக்கும் அதுவே.

பெண்கள் விஷயத்தில் நான் தயங்காமல் புதியதன் பக்கம் நிற்பேன். மாமன் பட்டறையில் ஒரு மருமகள் ஸ்பானா எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. இன்று மின் தொழில்நுட்ப வகுப்பில் முக்காடு போட்ட மலாய்ப் பெண்ணும் பின்னல் போட்ட தமிழ்ப் பெண்ணும் ஒரே பலகையில் வயரை உரிக்கலாம். அவர்கள் எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பலகை இருப்பதே பழைய ஏற்பாட்டில் இல்லாதது.

சமூகக் கல்லூரி என்ற சொல்லும் எண்ணமும் மலேசியாவில் பிறந்தவையல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் கல்லூரி 1901இல் தொடங்கியது. அந்த நாட்டின் முதல் பொதுச் சமூகக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். தமிழகத்துக்கும் இது அன்னியமில்லை. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸும் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். சென்னையில் அது பள்ளியை விட்டு நின்றவர்களைத் தேடிக்கொண்டு சேரிகளுக்குள்ளேயே போயிற்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சென்னைக் கல்லூரி வறியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு இடம் பிடித்தது. மலேசியக் கல்லூரி தொகுதி வரைபடத்தைப் பார்த்து இடம் பிடித்தது. முன்னது சிறியது, நன்கொடையை நம்பியது. பின்னது அரசின் பணத்தில், கட்டடமும் கருவியும் விரிவுரையாளருமாக நிற்பது. இரண்டில் எது நெடுங்காலம் தாங்கும் என்பதற்கு விடை தெரிந்ததுதான். எது ஆளைத் தேடி வரும் என்பதற்கும் தெரிந்ததுதான்.

சுங்கை சிப்புட்டில் இந்த இரண்டு காலங்களும் ஒரே ஊரில் நிற்கின்றன. சம்பந்தன் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். சுற்றிலும் காமுனிங், எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று ரப்பர்த் தோட்டங்கள். எல்பில் தோட்டத்தில் 1948 ஜூனில் நடந்த கொலைதான் அவசரகாலத்தை வரவழைத்த நிகழ்ச்சிகளில் ஒன்று. ஆறு ஆண்டுகளுக்குள் அதே வட்டாரத்தில் ஒரு பெரிய தமிழ்ப் பள்ளி எழுந்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது எழுத்து என்று அன்றைய தலைவர்கள் நினைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே ஊருக்கு வந்த சமூகக் கல்லூரி, அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது தொழில் என்று நினைத்தது. இரண்டும் சரிதான். கலாசாலையை ஊரே தன்னுடையது என்று சொல்லிக்கொண்டது. ஆண்டுவிழாவுக்குக் கூட்டம் வந்தது. சமூகக் கல்லூரியில் அப்படிச் சொந்தம் கொண்டாடும் தமிழ்க் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. அது அரசுக் கட்டடம். உள்ளே போகிறவர் போகிறார், முடித்து வருகிறார்.

புந்தோங்கிலிருந்து அங்கே போவது எப்படி? சுங்கை சிப்புட் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வடக்கே, கோப்பெங் இருபது கிலோமீட்டர் தெற்கே. கோப்பெங்கில் கல்லூரி இருப்பது கிராமப்புற உருமாற்ற மையத்துக்குள், அதாவது பெயரிலேயே கிராமத்தைச் சுமந்துகொண்டு. காரோ மோட்டார் சைக்கிளோ இருந்தால் இரண்டும் பெரிய தூரமில்லை. பேருந்தை நம்பினால் முதலில் புந்தோங்கிலிருந்து நகரத்துக்கு, பிறகு அங்கிருந்து மாற்றி ஏறி, பிறகு நடந்து. தோட்டத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடித்து டவுனுக்குப் பட்ட பாட்டை, அவனுடைய மகன் எஸ்.பி.எம். முடித்து டவுனிலிருந்து எதிர்த்திசையில் படுகிறான். வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள், அதில் அப்பா பாதுகாவலர் வேலைக்குப் போய்விட்டால், படிப்பு என்பது பெட்ரோல் கணக்காகிவிடும். தங்குவதா, தினமும் போய்வருவதா என்பது பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் நீண்ட பேச்சு.

தூரத்தைவிடத் தெரியாமை பெரிது என்பது என் எண்ணம். தோட்டத்தில் ஒரு செய்தி பெரட்டில் சொன்னால் போதும், மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். நகரத்து அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பையன் என்ன படிக்கிறான் என்று தெரியாது. விண்ணப்பம் இணையத்தில், அதற்கென்று ஒரு காலக்கெடு, அது ஒரு நாள் கடந்தாலும் ஓராண்டு போயிற்று. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் வழிகாட்டிக் கூட்டம் நடத்தும் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பத்து ஏ எடுத்தவனுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய. மூன்று பாடத்தில் மட்டும் தேறியவன் அந்தக் கூட்டத்துக்கே வருவதில்லை. அவனுடைய அம்மா வருவார். "ஐயா, எம்மவனுக்கு ஏதாச்சும் கெடைக்குமா?" என்று கடைசியில் தனியாகக் கேட்பார். சமூகக் கல்லூரி என்றால் பெரும்பாலும் அவர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டிருந்தால் அது மலாய்ப் பிள்ளைகளுக்கு உள்ளது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது எல்லாக் குடிமக்களுக்கும் உரியது என்று சொன்னால் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

குடிமக்களுக்கு என்ற சொல் சில வீடுகளில் இன்னும் குத்தும். 1969க்குப் பிறகு சிவப்பு அட்டையால் தோட்டத்தை விட்டுப்போனவர்களின் கதை முடிந்துவிட்டதென்று நாம் நினைக்கிறோம். பெற்றோரின் திருமணப் பதிவோ பிறப்புப் பதிவோ சரியாக இல்லாததால் இன்றும் அடையாள அட்டைக்கு அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மாமன் பட்டறை அவர்களிடம் அட்டை கேட்கவில்லை. அரசுக் கல்லூரி கேட்கிறது. இந்த ஓர் இடத்தில் பழையது புதியதைவிட அகலமான வாசல் வைத்திருந்தது.

இனி ஈப்போவுக்குள்ளேயே இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இல் யுனெஸ்கோ உதவியோடு ஈப்போவில்தான் தொடங்கியது. புந்தோங்கிலிருந்து கிந்தா ஆற்றைத் தாண்டிப் போனால் பத்து கிலோமீட்டருக்குள். அந்த 1969இல் தோட்டத்தை விட்டுப் புந்தோங்குக்கு வந்த ஒரு பையன் அதன் வாசலைச் சைக்கிளில் கடந்திருக்கலாம். எல்.சி.இ.யில் தவறியவனுக்கு உள்ளே நுழைய வழி கிடையாது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல புள்ளியோடு பள்ளியை முழுதாக முடித்தவர்களுக்கானது அது. அவன் மாமனின் பட்டறைக்குத் திரும்பினான்.

இன்று அவனுடைய பேரனுக்கு எஸ்.பி.எம்.மில் அதே கணக்கும் அறிவியலும் காலை வாரிவிட்டாலும் வேறு ஒரு வழி இருக்கிறது. சமூகக் கல்லூரியில் ஈராண்டு படித்து நல்ல தரப்புள்ளியோடு சான்றிதழ் வாங்கியவர், பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அது உங்கு ஓமாராகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வகுப்பறைக்கு, முப்பது கிலோமீட்டர் வடக்கே போய் ஈராண்டு சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறான். சுற்றுவழிதான். பாட்டனுக்கு இந்தச் சுற்றுவழிகூட இருக்கவில்லை. பேரன் இப்போது அதற்கான விண்ணப்பத்தைத் தன் கைப்பேசியில் நிரப்புகிறான், தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் வந்து நின்று, அப்பாவைக் கூப்பிட்டு, "ப்பா, செக்யூரிட்டின்னு போடவா, சொந்தத் தொழில்னு போடவா?" என்று கேட்கிறான். பாட்டன் விட்டுப்போன பட்டறையை அவர் சாயங்கால வேளைகளில் இன்னும் திறந்து வைத்திருக்கிறார்.